சிம் கம்பெனீஸா, ப்ராஸ்பரஸ் யூனிவர்ஸா?

ராயபுரத்தில் நானும் தம்பியும் உலாவியிலேயே ஆடும் இவ்விரு வணிக விளையாட்டுகளில் சிம் கம்பெனீஸ் பழக எளிது: ஆப்பிளையோ பெட்ரோலையோ உற்பத்தி செய்து சொந்தக் கடையில் விற்கலாம், அல்லது பொதுச் சந்தையில் விலை குறித்து வைக்கலாம். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இதுவே போதும்.

ப்ராஸ்பரஸ் யூனிவர்ஸில் சந்தைகள் பல. அவை விண்மீன்களுக்கிடையே சிதறிக் கிடப்பதால், எரிபொருள் செலவழித்துச் சரக்கை விண்கப்பலில் அனுப்பிவிட்டு, அது போய்ச் சேரும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தொழிலாளர்களுக்குக் குடிநீரும் உணவும் தீர்ந்தால் உற்பத்தியே தளர்ந்துவிடும். தம்பி ஒருமுறை தண்ணீர் வாங்க மறந்து, இரண்டு நாள் வருமானத்தை இழந்தான். காசிமேட்டு ஏலத்தில் எடுத்த வஞ்சிரத்தின் விலை, வண்டியேறி உள்சந்தையைச் சேர்வதற்குள் மாறிவிடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தூரத்தையும் விலையாகக் கணக்கிட வைக்கும் இந்த விளையாட்டே மெய்யான வணிகமாகப் படுகிறது.