காரைக்குடி வேலையா, மதுரைக்குத் தினமும் போய் வருவதா?

அண்ணன் மகள் காரைக்குடியில் 18,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதுகிறாள். மதுரையில் 26,000 தருகிறார்களாம். "சித்தப்பா, போகட்டுமா?" என்றாள். உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம்.

காசு:
உள்ளூர் – சைக்கிளில் போகிறாள், மதியச் சாப்பாடு வீட்டில்.
மதுரை – பஸ், ஷேர் ஆட்டோ, சாப்பாடு, டீ எல்லாம் நாளுக்கு 200 என்று வைத்தால் 25 நாளுக்கு 5,000. மகளிர் இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில்தான், இதில் கிடையாது. ஆக, கூடுவது 8,000 இல்லை, 3,000.

நேரம்:
உள்ளூர் – பத்து நிமிடம்.
மதுரை – திருப்பத்தூர், மேலூர் வழியாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். போக வர மாதம் 100 மணி நேரம். 3,000த்தை அதால் வகுத்தால் மணிக்கு 30 ரூபாய். அந்த எண்ணைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

உடம்பு: நான் மூன்று வருடம் அப்படிப் போனவன். விடிகாலை டிபன் டப்பாவின் சூடு மடியில் தெரியும்; இரவு திரும்பினால் மகன் தூங்கியிருப்பான். அது இன்னும் வலிக்கிறது.

வேலை கற்றுக்கொள்ள மதுரைதான், சந்தேகமே இல்லை.

சின்னப் பிள்ளைகளோ வயதானவர்களோ வீட்டில் இருந்தால் உள்ளூர் போதும். தனி ஆள் என்றால் மதுரை வேலையை எடுக்கலாம், ஆனால் அங்கேயே விடுதியில் தங்கி வாரம் ஒருமுறை வரட்டும். புதுக்கோட்டை என்றால் வேறு கணக்கு: 40 கிலோமீட்டர்தான், ரயிலும் உண்டு.