வன்னிச் சிக்னலில் தடங்காமல் ஒலிக்க: ஓபஸ், எம்பி3 பயன்பாட்டு அனுபவம்

அரிவி வெட்டுப் பாட்டு, சூடு மிதிக்கும் பாட்டு, கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் பாடிக்காட்டும் கூத்துப் பாடல்கள், ஊர்க்கதைகள் ஆகியவற்றைப் பதிவுசெய்து ஒரு சிறிய இணையத்தளத்தில் ஏற்றிவருகிறேன். கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கேட்பவர்களுக்குக் கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சிக்கலில்லை. எனக்குக் கவலை வன்னியில் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, முத்தையன்கட்டுப் பக்கம், முற்றத்துக்கு வந்தால்தான் சிக்னல் பிடிக்கும் வீடுகளைப் பற்றியது. பாடியவர்களும் அவர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களால் கேட்க முடியாத தளத்தை நான் நடத்த விரும்பவில்லை.

ஒலியைத் திருத்த ஆடாசிட்டி, கோப்பைச் சுருக்கி மாற்ற எஃப்எஃப்எம்பெக் என இரண்டு இலவச மென்பொருள்களைப் பல ஆண்டுகளாக இதற்குப் பயன்படுத்துகிறேன். இணையத்திலேயே கோப்பைச் சுருக்கித் தரும் சேவைகளும் உண்டு. ஆனால் அங்கே மூலக்கோப்பை முழுதாக ஏற்ற வேண்டும். ஒரு மணிநேர ஸ்டீரியோ வேவ் கோப்பு (சுருக்காத ஒலிக்கோப்பு), குறுந்தட்டுத் தரத்தில், ஏறத்தாழ 635 மெகாபைட். கிளிநொச்சி நகரத்தில் இருந்துகொண்டு அதை ஏற்றுவதற்கே பொறுமை வேண்டும். கிராமத்தில் நினைத்தும் பார்க்க முடியாது. கணினியிலேயே சுருக்கிவிட்டுச் சிறியதை ஏற்றுவதுதான் நமக்குச் சரிவரும்.

இணையத்தில் ஒலி தடங்குவதற்குக் காரணம் எளிய கணக்கு. நொடிக்கு 128 கிலோபிட் கேட்கும் எம்பி3 கோப்பை, நொடிக்கு 100 கிலோபிட் மட்டுமே தரும் இணைப்பில் இடைவிடாமல் கேட்க வழியில்லை. கொஞ்சம் ஒலிக்கும், நிற்கும், சுழலும். பாட்டின் மூன்றாவது அடியில் கேட்பவர் போய்விடுவார். அதே குரலை ஓபஸ் என்ற புதிய சுருக்கமுறையில், நொடிக்கு 32 கிலோபிட்டில் தந்தால், அந்த இணைப்பே தாராளமாகப் போதும். ஒரு மணிநேரம் 14.4 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ரீலோட் செய்த டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் இது சின்ன வேறுபாடு இல்லை.

ஓபஸ் 2012இல் இணையத் தரமாக அறிவிக்கப்பட்டது. பேச்சுக்காக உருவான சில்க் என்ற முறையும் இசைக்கேற்ற செல்ட் என்ற முறையும் அதற்குள் சேர்ந்திருக்கின்றன. வட்ஸ்அப் குரற்பதிவும் இதே ஓபஸ்தான். தனிக்குரலுக்கு, அதிலும் மூதாட்டி ஒருவர் ஊர்க்கதை சொல்லும் பதிவுக்கு, இதை மிஞ்ச வேறொன்றை நான் கேட்டதில்லை. 24 கிலோபிட்டுக்கு இறக்கினாலும் ழகரமும் ளகரமும் பிரிந்தே கேட்கின்றன. எம்பி3யை அந்த அளவுக்கு இறக்கினால் சகரம் எல்லாம் உலர்ந்து போகிறது.

கூத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடிக் கூத்தில் மத்தளம் திடீரென்று அதிரும், சல்லாரி என்ற தாளக்கருவி இடைவிடாமல் கலகலக்கும். எம்பி3 ஒலியைச் சிறு துண்டுகளாக எடுத்துச் சுருக்குகிறது. துண்டின் நடுவே ஓர் அடி விழுந்தால், சுருக்கத்தில் எழும் பிழை அடிக்கு முன்னாலும் பரவிவிடும். மத்தளத்தின் கூர்மை மழுங்கி, அடி விழுவதற்குச் சற்று முன்பே ஒரு கசிவு கேட்கும். சல்லாரியோ 64 கிலோபிட் எம்பி3யில் நீருக்குள் குலுக்கியதுபோல் ஆகிறது. அண்ணாவியார் ஒருவர் இப்படியொரு கோப்பைக் கேட்டால் முகம் சுளிப்பார், அதில் நியாயமும் உண்டு. கூத்துப் பதிவுகளுக்கு எம்பி3 என்றால் மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) 96 கிலோபிட், ஓபஸ் என்றால் 48 முதல் 64 வரை வைக்கிறேன். அதற்குக் கீழே போக மாட்டேன்.

மோனோ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருவர் பாடுவதை ஒரே மைக்கில் எடுத்துவிட்டு, ஸ்டீரியோவாக ஏற்றி வைத்திருக்கும் தளங்கள் ஏராளம். இரண்டு பக்கமும் ஒரே குரல். மோனோவாக்கினால், கிடைக்கும் பிட்டுகள் எல்லாம் அந்த ஒரு குரலுக்கே போய்ச் சேரும்.

இவ்வளவு நாள் பயன்படுத்தியதில் எனக்கு உறுதியானது ஒன்று: எந்த முறையில் சுருக்குகிறோம் என்பதைவிட, சுருக்குவதற்கு முன் என்ன செய்கிறோம் என்பதே தரத்தைத் தீர்மானிக்கிறது. சோளகக் காற்று மைக்கில் மோதும் உறுமல், மின்விசிறி, தூரத்து உழவு இயந்திரம் எல்லாமே பிட்டுகளைத் தின்னும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டி நீக்கினால் காற்றின் உறுமல் பெருமளவு போய்விடும், குரலுக்குச் சேதமில்லை. ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்பை 6 டெசிபெல் அளவில் நிறுத்துகிறேன். அதற்கு மேல் போனால் சொல்லின் கடைசி எழுத்துகள் கரைகின்றன. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலில் எடுத்த பதிவில் சனத்தின் ஆரவாரமும் பதிவின் பகுதிதான், அதை நான் தொடுவதில்லை.

பக்கத்தை அமைக்கும்போது இரண்டு விடயங்கள் போதும். பல பதிவுகள் ஒரே பக்கத்தில் இருந்தால், ஆடியோ கட்டளையில் முன்கூட்டியே ஏற்றுவதை (preload) 'வேண்டாம்' (none) என்று வையுங்கள். இல்லாவிட்டால் யாரும் அழுத்தாத பதிவுகளுக்கும் கேட்பவரின் டேட்டா கரையக்கூடும். அடுத்து, ஓபஸை முதலிலும் எம்பி3யை இரண்டாவதாகவும் கொடுங்கள். உலாவி தன்னால் ஒலிக்கக்கூடிய முதலாவதை எடுத்துக்கொள்ளும். பழைய ஐபோன்கள் ஓபஸை மறுத்துவிடுகின்றன, எனவே எம்பி3 இன்னும் தேவை. அதன் உரிமக் கட்டணமும் 2017இல் முடிந்துவிட்டது.

குறைகளும் உண்டு. எஃப்எஃப்எம்பெக்கில் அழுத்துவதற்குப் பொத்தான் இல்லை, கட்டளை தட்டச்சுச் செய்ய வேண்டும். தளத்துக்கு உதவும் இளைஞர்கள் முதலில் மிரண்டார்கள். ஒரே கட்டளையை எழுதி வைத்துக் கோப்பின் பெயரை மட்டும் மாற்றச் சொன்ன பிறகு பழகிவிட்டார்கள். அதே கட்டளையை ஒவ்வொரு கோப்புக்கும் தானாகத் திரும்ப ஓடும்படி எழுதினால் ஒரு கோப்புறை முழுவதையும் முடித்துவிடலாம் என்பதால் இன்று அதை விடவே மனமில்லை.

மூலப்பதிவுகளை ஃபிளாக் முறையில் இரண்டு வன்தட்டுகளில் தனித்தனியாக வைத்திருக்கிறேன். வேவ் கோப்பின் பாதியளவுதான் வரும், ஒலியில் ஒரு துளியும் இழப்பில்லை. சுருக்கிய எம்பி3யிலிருந்து மறுபடி சுருக்கினால் இழப்பின் மேல் இழப்பு சேரும். பாடிய முதியவர் மறைந்த பின் அதைத் திருத்த யாரிடம் போவது? பதிவுகளை அனுப்புபவர்களிடம் இதனால்தான் கேட்கிறேன்: கைத்தொலைபேசியின் பதிவுச் செயலியில் எடுங்கள், வட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'ஆவணம்' என்று தெரிவுசெய்து அனுப்புங்கள், எடுத்த கோப்பு எடுத்தபடியே வந்துசேரும். குரற்பதிவாக வந்தவற்றை நான் மறுபடி சுருக்காமல், வந்த ஓபஸ் கோப்பையே அப்படியே ஏற்றிவிடுகிறேன்.