முதுகு மூட்டுத் தேய்மானம்: எந்த ஊசி எதற்கு?

கீழ்முதுகு வலிக்கு ஊசி என்றதும் பலரும் நினைப்பது, முதுகுத்தண்டு நரம்புகளைச் சுற்றிப் போடும் எபிடியூரலைத்தான். அது நரம்பு நசுங்கி, காலில் சுரீரென்று இறங்கும் வலிக்கானது. முள்ளெலும்புகளின் பின்பக்கம் ஜோடி ஜோடியாக இருக்கும் ஃபேசட் மூட்டுகள் தேய்ந்தால் கதை வேறு. வலி இடுப்பிலும் பிட்டத்திலும் தங்கிவிடும். முழங்காலைத் தாண்டுவது அரிது. இதற்கென்று உள்ள ஊசிகளும் வேறு.

முதலில் ஸ்டீராய்டு. எக்ஸ்ரே பார்த்தபடி மூட்டுக்குள்ளேயே செலுத்துவார்கள். மூட்டு சின்னது, 1 முதல் 2 மி.லி.தான் கொள்ளும். வீக்கம் வடிந்தால் சில வாரங்கள் சுகம். ஆனால் 1991இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டீராய்டு போட்டவர்களுக்கும் வெறும் உப்புநீர் போட்டவர்களுக்கும் 1 மாதத்திலும் சரி, 3 மாதத்திலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சர்க்கரை நோய் இருந்தால் சில நாள் ரத்தச் சர்க்கரை ஏறவும் செய்யும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

அடுத்தது நரம்புத் தடை ஊசி. ஒவ்வொரு மூட்டின் வலியையும் இரண்டு சிறு நரம்புகள் மூளைக்குக் கொண்டுபோகின்றன. அவற்றின் அருகே அரை மி.லி. அளவில் மரத்துப்போகும் மருந்து போடுவார்கள். சில மணி நேரம் வலி நன்றாகக் குறைந்தால், குற்றவாளி அந்த மூட்டுதான் என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் வலி திரும்பிவிட்டதே என்று நொந்துகொள்பவர்கள் உண்டு. பாவம், அது சிகிச்சை இல்லை, சோதனை என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தச் சோதனையும் ஏமாற்றும். ஒரு தடவை மட்டும் செய்தால், கிடைக்கும் 'ஆம்'களில் மூன்றில் ஒன்றுகூடப் பொய்யாக இருக்கலாம். அதனால் சிலர் வேறொரு நாளில் இரண்டாம் முறை, முதலில் லிடோகெயின் என்றால் அப்புறம் நீண்ட நேரம் நிற்கும் புபிவகெயின் என்று, மருந்தை மாற்றிப் பார்க்கிறார்கள்.

சோதனையில் தேறியவர்களுக்கு ரேடியோ அலைச் சிகிச்சை. ஊசி முனையை 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஒன்றரை நிமிடம் வரை அந்த நரம்பைச் சுடுவார்கள். ஊசி நரம்பின் மேல் குத்தி நிற்காமல் அதை ஒட்டிப் படுத்திருந்தால்தான் போதிய நீளத்துக்குச் சுடும். செய்பவரின் கை இங்கே முக்கியம். பலித்தால் 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை நிம்மதி. நரம்பு திரும்ப வளரும், வலியும் வரும், மறுபடி செய்யலாம். தேய்மானம் என்னவோ அப்படியேதான் இருக்கும்.

இதற்கும் எதிர்ப்பு உண்டு. 2017இல் நெதர்லாந்து ஆய்வுகள், உடற்பயிற்சியோடு இதைச் சேர்த்தும் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை என்றன. ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம் தளர்வு என்று வலி மருத்துவர்கள் மறுத்தார்கள். 2025இல் பிஎம்ஜே மருத்துவ இதழின் வழிகாட்டி, நாள்பட்ட முதுகு வலிக்கு மூட்டு ஊசி, ரேடியோ அலை இரண்டுமே வேண்டாம் என்றது. எந்தச் சிகிச்சை தகும் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்போ, சிகிச்சை ஊசிகளைத் தள்ளிவிட்டு, சோதனையில் தேறியவர்களுக்கு மட்டும் ரேடியோ அலையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. நான் நைஸ் பக்கம்.

சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும், பிளேட்லெட் அணுக்கள் செறிந்த பிஆர்பி ஊசி? ஆய்வுகள் சின்னச் சின்னவை. காத்திருக்கலாம்.

வலியே இல்லாதவர்களின் எம்ஆர்ஐயிலும் இந்த மூட்டுகள் தேய்ந்து தெரியும். ஆகவே படத்தை மட்டும் பார்த்துவிட்டு நேராகச் சுடலாம் என்று மருத்துவர் சொன்னால், சோதனை ஊசி எப்போது என்று கேளுங்கள்.