சேமித்து ஊட்டும் தாயும் அன்றாடம் ஈட்டி ஊட்டும் தாயும்

கடல்வாழ் பாலூட்டிகளான வட யானைச் சீலும் கலிபோர்னியக் கடற்சிங்கமும் ஒரே கரையோரத்தில் குட்டி ஈன்றாலும், பாலூட்டத் தேவையான ஆற்றலைத் திரட்டும் முறையில் நேரெதிரானவை. யானைச் சீல் பல மாதங்கள் வட பசிபிக்கின் ஆழத்தில் இரைதேடி, தோலடிக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கரையேறுகிறது. பின்னர் ஏறத்தாழ 4 வாரங்கள் எதையும் உண்ணாமல், போகப்போகப் பாதிக்குப் பாதி கொழுப்பாகவே மாறும் பாலைக் கொடுத்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்தபின், குட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. கறாரான தாய்தான், ஆனால் அக்கொழுப்பே குட்டியின் முதலீடு.

கடற்சிங்கத்துக்கு அத்தகைய கையிருப்பு இல்லை. ஈன்ற சுமார் ஒரு வாரத்தில் மத்தியும் நெத்திலியும் தேடிப் புறப்பட்டு, சில நாட்கள் கடலிலும் ஓரிரு நாட்கள் கரையிலுமாக, பெரும்பாலும் 10 மாதங்களுக்கு மேல் பாலூட்டுகிறது. இரை விலகிச் சென்றால் பயணம் நீள்கிறது. ஈட்டியது நீந்துவதிலேயே கரைய, கரையில் குட்டி பட்டினி கிடக்கிறது. 2015இல் கடல் வெப்பமடைந்தபோது ஆயிரக்கணக்கான மெலிந்த குட்டிகள் கலிபோர்னியாவில் கரையொதுங்கியது இப்படித்தான்.

பாதுகாப்பாளர்கள் இந்த வரவு செலவைக் கணக்கிடுவதும் இதற்காகவே. முன்னதற்கு ஈனும் கரையைச் சில வாரங்கள் தொந்தரவின்றிக் காப்பது பெரும் உதவியாகும். பின்னதற்கோ வேலி போதாது, அது குட்டி ஈனும் தீவுகளைச் சுற்றியுள்ள மீன்வளமே வேண்டும். என் பார்வையில் இரண்டாவதே கடினமான பணி.