விட்பியில் ஒரு மீன் கடை, அங்கே போன மூன்று பவுண் பஸ்

மட்டக்களப்பில் எங்கள் கல்லடி ஒழுங்கையில் மட்டும் ஆறு வீட்டுப் பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். ஆடி, ஆவணி வந்தால் யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ விசா எடுத்துப் பறப்பார்கள். திரும்பி வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "மகன்ட வீட்டுக்குள்ளதான் இருந்த நாங்க. வெளியில சாப்பிட்டா காசு கரைஞ்சிரும்." போன வருடம், 2025 ஆவணியில், நானும் இவரும் போனோம். நான் அப்படித் திரும்பி வருவதில்லை என்று விமானத்தில் ஏறும்போதே முடிவு எடுத்திருந்தேன். தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற எனக்குக் கணக்குப் புத்தகம் எழுதுவது பழக்கம். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு பவுண் எங்கள் காசில் 400 ரூபாயைத் தாண்டி நின்ற காலம் அது. ஒவ்வொரு தேத்தண்ணியையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தொண்டையில் இறங்காது. அதனால் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். நாளுக்கு ஒரு சாப்பாடுதான் கடையில், அதுவும் மத்தியானம். அந்த ஒன்று அந்த ஊர்ச் சனம் சாப்பிடும் கடையாக இருக்க வேண்டும். காலையும் இரவும் தங்கிய இடத்தின் குசினியில் நாங்களே சமைப்பது.

லண்டனில் தம்பி வீடு ஈஸ்ட் ஹாமில். அங்கே ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இறங்கி நடந்தால் தோசைக்கும் கொத்து ரொட்டிக்கும் குறைவில்லை, ஊரை விட்டு வந்த மாதிரியே இருக்காது. ஆனால் கொத்து ரொட்டி சாப்பிட அவ்வளவு தூரம் பறக்க வேண்டுமா? நான்கு நாளில் கிளம்பிவிட்டோம்.

விக்டோரியா கோச் ஸ்டேஷனில் இருந்து வடக்கே உள்ள லீட்ஸ் நகருக்கு நஷனல் எக்ஸ்பிரஸ் பஸ். மூன்று கிழமைக்கு முன்பே மருமகன் போனில் பதிந்ததால் ஆளுக்கு 11 பவுணுக்குக் கிடைத்தது. ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய ஓடுகிறது. பஸ்ஸுக்குள்ளேயே கழிவறை இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய்வரும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று நான் விளக்கத் தேவையில்லை. ரயிலில் போக விரும்புகிறவர்கள் டூ டுகெதர் என்ற ரயில் அட்டையைக் கேளுங்கள். 35 பவுண், இரண்டு பேரின் படமும் அதில் இருக்கும், இருவரும் சேர்ந்து போனால் கட்டணத்தில் மூன்றில் ஒன்று குறையும். கிழமை நாட்களில் காலை 9.30க்குப் பிறகுதான் செல்லும். நாங்கள் எடுத்த அட்டை நான்கு பயணத்தில் தன் காசை மீட்டுத் தந்துவிட்டது.

லீட்ஸில் தங்கியது பல்கலைக்கழக மாணவர் விடுதியில். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட, அந்த அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சின்ன அறை, ஆனால் அடுப்பும் பானையும் உள்ள பொதுக் குசினி இருந்தது. எனக்கு அது போதும்.

அடுத்த நாளே பிராட்ஃபோர்ட் போனோம், ரயிலில் இருபது நிமிடம். பாகிஸ்தானியர்கள் நிறைந்த ஊர். ஒரு பழைய கடையில் எலும்போடு ஆட்டுக்கறி எடுத்தோம், மூன்று சப்பாத்தி அதே விலைக்குள் வந்தது. பக்கத்து மேசையில் எல்லோரும் கையால் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டார்கள். லண்டனில் முள்ளுக்கரண்டியோடு மல்லாடிக்கொண்டிருந்த இவர் அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டார். கறி நல்ல கறி. உறைப்பு மட்டும் எங்கள் வாய்க்குப் பாதி.

இனி விட்பி என்ற கடற்கரை ஊர்.

லீட்ஸிலிருந்து யோர்க், மால்டன், பிக்கரிங் வழியாகக் கடற்கரைக்கு 840 என்ற பஸ் போகிறது. கோஸ்ட்லைனர் என்று பெயர், மாடி பஸ். 2018இல் பிரித்தானியாவின் மிக அழகான பஸ் பாதை என்று இதைத் தெரிவு செய்தார்கள். அந்த நாட்டில் உள்ளூர் பஸ்களுக்கு ஒரு வழிக் கட்டணம் 3 பவுணுக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆகவே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் இந்தப் பாதைக்கும் ஆளுக்கு 3 பவுண்தான். இருவரும் போய்வர 12. மேல்மாடியில் முன் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள இருக்கையைப் பிடியுங்கள். பிக்கரிங் தாண்டியதும் மரங்கள் குறைந்து மேட்டுநிலம் திறக்கிறது. ஆவணியில் அந்த நிலம் முழுக்க ஹெதர் என்ற சிறு செடி பூத்து ஊதா நிறமாகக் கிடக்கும். நடுவில் ஹோல் ஒவ் ஹோர்க்கம் என்று ஒரு பெரும் பள்ளம், பஸ் அதன் விளிம்பிலேயே போகிறது. வேட் என்ற அரக்கன் ஒரு கை மண்ணை அள்ளியதால் வந்த பள்ளம் என்று அங்கத்தையச் சனம் கதை சொல்லும். இவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார், ஒரு சொல் கதைக்கவில்லை. ஒன்று கவனம்: எல்லா 840 பஸ்ஸும் விட்பி வரை போவதில்லை. திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக் குறித்துக்கொண்டு இறங்குங்கள்.

விட்பியும் எங்கள் ஊரைப் போல் கிழக்குக் கரை ஊர். எஸ்க் ஆறு கடலில் விழும் இடத்தில் இரண்டு கரையிலும் வீடுகள், நடுவில் படகுக்காகத் திரும்பித் திறக்கும் ஒரு பாலம். பாலத்தில் நின்று மீன் வாசத்தை முகர்ந்ததும் 1924இல் திறந்த எங்கள் பழைய கல்லடிப் பாலத்தில் மாலை நேரம் நிற்கிற நினைவுதான் வந்தது.

முதலில் போன கடையின் வாசலில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்ததும் கடையில் நின்ற பிள்ளையிடம் எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டேன். இதை எல்லோரும் கேட்க வேண்டும். லீட்ஸும் விட்பியும் இருக்கும் இந்த யோர்க்ஷயர் பக்கம் மாட்டுக் கொழுப்பில் மீன் பொரிப்பதுதான் பழைய வழக்கம், பீஃப் டிரிப்பிங் என்பார்கள். அந்தப் பிள்ளை ஒளிக்காமல் ஆம் என்றது. நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை. நன்றி சொல்லி விலகினோம். "மறுகா என்னத்தச் சாப்பிடுற?" என்று இவர் கேட்டார். அந்தப் பிள்ளையே கையை நீட்டி, பின் சந்தில் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள், அங்கே தாவர எண்ணெய் என்று சொன்னது. தன் கடைக்கு வந்தவர்களை அடுத்த கடைக்கு வழிகாட்டி அனுப்பிய அந்த மனசை நான் மறக்க மாட்டேன்.

திறந்து நான்கு மாதமான கடை அது. ஐந்து மேசை. கண்ணாடிக் கதவில் சுகாதாரத் தரத்துக்கான பச்சை ஸ்டிக்கர், அதில் 5 என்று போட்டிருந்தது. 5தான் உச்சம். இங்கிலாந்தில் அதை ஒட்டுவது கட்டாயமில்லை, ஆகவே ஒட்டாத கடை என்றால் நான் உள்ளே போவதற்கு முன் ஒருதடவை யோசிப்பேன். உள்ளே ஒரு இளம் தம்பதி. அவர் பொரிக்கிறார், அவர் மனைவி காசும் தேத்தண்ணியும் பார்க்கிறார்.

நான் அடுப்புப் பக்கத்து மேசையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மீன் ஹடொக். யோர்க்ஷயரில் ஹடொக்கைத்தான் விரும்புவார்கள், தெற்கே போனால் கொட். தோலை முழுக்க உரித்துவிட்ட வெள்ளைத் துண்டை முதலில் உலர்ந்த மாவில் புரட்டினார். பிறகு கரைத்த மாவில் தோய்த்து, சட்டி விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்து மிஞ்சிய மாவை வடித்தார். எண்ணெயில் போட்டவிதம்தான் எனக்குப் பிடித்தது. வாலைப் பிடித்தபடி பாதியை இறக்கி, இரண்டு மூன்று நொடி ஆட்டி, மாவு பொங்கத் தொடங்கியதும் தன் பக்கமிருந்து அப்பால் போகிற மாதிரி மெதுவாக விட்டார். அப்படி விட்டால் மீன் அடியில் ஒட்டாது, எண்ணெயும் கையில் தெறிக்காது. என் அம்மா இறால் வடை போடும்போது கையை அப்படித்தான் திருப்புவார்.

அறுபது தாண்டியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு என்று பலகையில் எழுதியிருந்தது. சிறிய மீன், சிப்ஸ், பட்டாணி மசியல், பட்டர் பூசிய பாண் இரண்டு துண்டு, ஒரு தேத்தண்ணி, எல்லாம் 8 பவுண் 95. அதே மீன் வழமையான அளவில் 11க்கு மேல், தேத்தண்ணி வேறு. இப்படி வயதானவர்களுக்கான விலை பல ஊர்களில் மீன் கடைகளில் இருக்கிறது, வெட்கப்படாமல் கேளுங்கள். நான் கேட்டேன், வயதுக்கு அத்தாட்சி ஒன்றும் கேட்கவில்லை.

மீன் வந்ததும் மர முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கையால் பிட்டேன். மேல் மாவு நொறுங்கி, உள்ளேயிருந்து ஆவி வந்தது. சதை ஏடு ஏடாக, ஒவ்வொன்றும் நகம் அளவு தடிப்பில், ஈரம் மினுங்கக் கழன்றது. முள் ஒன்றுகூட இல்லை. எங்கள் வாவிக் கொடுவா மீனின் சதைக்கு இருக்கிற இறுக்கமும் இனிப்பும் இதில் இல்லை. இது அதைவிட மென்மை, வாயில் வைத்ததும் கரைகிறது. புது மீன் என்பதில் சந்தேகமே இல்லை, பழசென்றால் அந்தச் சதை பஞ்சாகியிருக்கும். மால்ட் வினிகரைத் தாராளமாகத் தெளித்துச் சாப்பிடுங்கள், எலுமிச்சைப் புளியை விட அந்த மாவுக்கு அதுதான் பொருந்துகிறது. சட்டியில் உதிர்ந்த மொறுமொறு மாவுத்துகள்களை ஸ்க்ராப்ஸ் என்கிறார்கள். கேட்டால் சும்மாவே ஒரு கை அள்ளிப் போடுகிறார்கள். இவருடைய சாப்பாட்டில் மீனை விட அதுதான் முதலில் முடிந்தது.

சரி, குறையும் சொல்ல வேண்டும். பட்டாணி மசியல் உப்புச் சப்பில்லாத பச்சைக் களி, நான் தொட்டுவிட்டு வைத்துவிட்டேன். சிப்ஸ் தடிப்பானவை, எங்கள் வாய்க்கு மொறுமொறுப்புக் காணாது. தோலை உரித்துவிடுவது எனக்கு மனக்குறைதான். மீனின் ருசியில் பாதி தோலடியில் இருக்கிறது, அதை எறிந்துவிட்டு என்ன மீன்? கழிவறை செங்குத்துப் படிக்கட்டுக்குக் கீழே, முழங்கால் நோ உள்ளவர்களுக்குக் கஷ்டம். கடையில் தாள்காசு வாங்குவதில்லை, வங்கி அட்டை மட்டும்தான். ஆனால் அந்த மனைவி இரண்டு தரம் வந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார், இரண்டாவதுக்குக் காசு எடுக்கவில்லை. நான் கிழக்கிலங்கையில் மீன் பிடிக்கும் ஊரில் இருந்து வந்திருக்கிறேன் என்றதும் கணவர் அடுப்பை விட்டு வந்து, உங்கள் கடலில் என்ன மீன் என்று கேட்டார். பாரை, சூரை, கணவாய், வாவியில் கொடுவா, திரளி, நண்டு என்று அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றின் அளவையும் கையால் காட்டச் சொல்லிக் கேட்டார். இருவருக்கும் சேர்த்து 17 பவுண் 90. அந்த மாதம் முழுவதிலும் மிகவும் மனம் நிறைந்து கொடுத்த காசு.

வெளியே எடுத்துக்கொண்டு போய்த் துறைமுகத்தில் இருந்து சாப்பிடுகிறவர்கள் கடற்காகங்களைக் கவனியுங்கள், கையிலிருப்பதையே பறித்துக்கொண்டு போகின்றன. சாப்பிட்ட பிறகு கிழக்குக் கரைக்குக் கடந்து, தேவாலயத்துக்கு ஏறும் 199 படியையும் எண்ணிக்கொண்டே ஏறினோம். அதன் அடிவாரத்தில் ஹென்ரியட்டா வீதியில் ஃபார்ச்சூன்ஸ் என்று ஒரு கிப்பர் கடை, 1872இலிருந்து ஹெரிங் மீனைப் புகையில் வாட்டி விற்கிறார்கள். அந்தச் சந்துக்குள் நுழைந்ததுமே புகைவாசம் பிடித்துக்கொள்ளும். வெயிலில் காயும் எங்கள் கருவாட்டை நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள். இது ஈரமாக, கொழுப்போடு இருக்கும். இரண்டு சோடி வாங்கி, விடுதியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கி, பாணோடு சாப்பிட்டோம். இவருக்கு ஹடொக்கை விட அதுதான் பிடித்தது.

மோசமாகப் போனதும் ஒன்று இருக்கிறது. லண்டனில், ஆற்றங்கரையோரம், பெயர் வேண்டாம். அதே ஹடொக், ஆறிப்போய் மாவு ரப்பராக வந்தது, விலை இரண்டு மடங்கு. பில்லில் 12.5 வீதம் சேவைக் கட்டணம் வேறு. அது கட்டாயமில்லை, எடுத்துவிடச் சொன்னால் எடுப்பார்கள் என்று தம்பி பிறகுதான் சொன்னான். குடிவகை விற்கும் இடங்களில் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தரவேண்டும் என்பதும் சட்டம். "டப் வோட்டர்" என்று சொல்லிக் கேட்காவிட்டால் போத்தல் வந்துவிடும், எங்களுக்கு வந்தது.

லீட்ஸை விட்டுப் புறப்படுவதற்கு முதல் நாள் கேர்க்கேட் சந்தைக்குப் போனேன். மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் என்ற பெரிய கடை நிறுவனம் 1884இல் ஒரு பென்னி விலைக்கு விற்கும் சிறு கடையாகத் தொடங்கிய இடம் அது. மீன் கடை வரிசையில் சல்மன் தலைகளை ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தார்கள், ஆட்கள் அதிகம் கேட்பதில்லையாம். இரண்டு தலை ஒன்றரைப் பவுண். பிளந்து, செவுளை எடுத்துத் தந்தார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளும், தம்பி மனைவி கட்டித்தந்த பழப்புளியும், டின் தேங்காய்ப் பாலும். குசினியில் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் கொதிக்க விட்டேன், கூரையில் புகை மணி இருந்தது. சல்மன் கொழுப்பு மீன், வழமையாகப் போடுவதை விட ஒரு மடங்கு கூடப் புளி வேண்டியிருந்தது. கன்னச் சதையை இவருக்கு வைத்துவிட்டு நான் கண்ணைச் சுற்றி உறிஞ்சினேன். பக்கத்து அறை கேரளத்துப் பிள்ளை வாசத்துக்கு எழும்பி வந்து கதவடியில் நின்றது. அதற்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றிக் கொடுத்தேன்.