இரும்புக்கு முன்னால் ரப்பர்: கொங்குப் பக்கம் பழைய 800, ஜென், சான்ட்ரோ ஓட்டுவது பற்றி

புது ஸ்கூட்டர் வாங்கும் காசுக்கு இன்றைக்கும் ஒரு மாருதி 800 கிடைக்கிறது. கொஞ்சம் கூடப் போட்டால் ஜென் அல்லது சான்ட்ரோ. தோட்டத்துக்கும் டவுனுக்கும் போய்வர இப்படி ஒரு பழைய காரை வைத்திருக்கும் வீடுகள் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நிறைய. வருடக்கணக்கில் ஓட்டினால் ஒன்று தெளிவாகும். இந்த வண்டிகளில் இரும்பு அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை, முதலில் போவது ரப்பர். டைமிங் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், ஆக்ஸில் பூட், வால்வு சீல், பிரேக் கப், பெட்ரோல் ஹோஸ், டயர் எல்லாமே வயசால் போகிறவை. ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும். “டாக்டர் வெச்சிருந்த வண்டிங்க, முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு” என்று சொல்லி விற்கப்படும் 2004 மாடல், வாங்கிய முதல் மாதமே ஒவ்வொன்றாக ஒழுக ஆரம்பிப்பது இதனால்தான்.

அதனால் கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடக் கூடாது. விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் மாத வேலைக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். அது இல்லாமல் வாங்குவதைவிட, அதே பணத்துக்கு ஒரு படி மலிவான வண்டியைப் பார்ப்பது நல்லது.

பாகம் கிடைக்குமா என்ற பயம் இந்த மூன்றுக்கும் தேவையில்லை. 800 வந்தது 1983 டிசம்பரில், நின்றது 2014 ஜனவரியில். அதே 796 சிசி இன்ஜின் வகையோடு ஆம்னி 2019 வரை வந்தது. காங்கேயம், கோபி மாதிரி ஊர்களின் சின்னக் கடையிலும் பெல்ட், பிளக், கிளட்ச் பிளேட், ஆயில் ஃபில்டர் இருக்கும். கதவு, கண்ணாடி, ஹெட்லைட் போன்ற பழைய சாமான்களுக்குக் கோவை உக்கடம் இருக்கிறது. 10, 12, 14, 17 ஸ்பேனர் இருந்தால் 800இல் பாதி வேலை முடிந்துவிடும். ஆயில் மாற்ற மூன்று லிட்டர் டின் ஒன்று போதும். ஒப்பணக்கார வீதியில் தீபாவளிக் கூட்டத்தில் இந்த வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் தனிச் சுகம். கண்ணாடிப் பரப்பு அதிகம் என்பதால் நாலு மூலையும் கண்ணுக்குத் தெரியும். இன்றைய பெரிய கார்களில் அது கிடைக்காது.

வாங்கப் போகும்போது முதலில் தரையைப் பாருங்கள். நம் பக்கம் கடல் காற்று இல்லாததால் இங்கேயே ஓடிய வண்டிகளில் துரு குறைவு. டி.என். 37, 38, 39, 41, 33 போன்ற எண்களுக்கு இதற்காகவே ஒரு மதிப்பு உண்டு. ஆனால் நம்ம ஊர் எண் இருக்கிறது என்பதால் வண்டி கடற்கரை ஊரில் ஓடியதே இல்லை என்றாகாது. முன் மிதியடியைத் தூக்கி, கார்ப்பெட்டை உரித்து, தகரத்தைக் கட்டை விரலால் அழுத்த வேண்டும். ஸ்டெப்னி கிடக்கும் குழி, பேட்டரித் தட்டுக்கு அடி, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு ஆகியவை அடுத்து. சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் கொண்டுபோங்கள். பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது.

வண்டி காலையிலிருந்து ஸ்டார்ட் ஆகாமல் குளிர்ந்து இருக்கும்போது போய் நிற்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஒரு குபுக் நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு சீல் காய்ந்திருக்கிறது. அது சின்ன ரப்பர் தொப்பி, இன்ஜினை இறக்காமலே மாற்றலாம். ஓடும்போதும் ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க நீலப் புகை விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது, அது இன்ஜினைப் பிரிக்கும் வேலை. இரண்டையும் பிரித்தறிய ஒரு இறக்கம் போதும். கியரிலேயே கால் எடுத்து இறங்கி, கீழே வந்ததும் மிதியுங்கள். அந்த நேரம் மட்டும் புகைத்தால் வால்வு சீல்.

அடுத்த கேள்வி டைமிங் பெல்ட் பற்றி: “ஏனுங்க, பெல்ட்டு எப்ப மாத்துனீங்க, பில்லு இருக்குதுங்களா?” பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சான்ட்ரோவில் இது உயிர்ப் பிரச்சினை. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடித்து வால்வு வளையும், ஹெட் இறக்க வேண்டிவரும். ஐம்பதாயிரம் கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம், எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றிவிடுவதே நல்ல கணக்கு. பெல்ட்டை மட்டும் மாற்றிக் கொடுப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். டென்ஷனர் பேரிங்கும், பின்னால் இருக்கும் கிராங்க் சீல், கேம் சீல் இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். பழைய சீல் ஒழுகினால் ஆயில் பட்ட புதுப் பெல்ட் வயசு வருமுன்னே பல் உதிரும்.

ஆக்ஸில் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டிகளில் வீணாய்ப் போகும் காசில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஆக்ஸில் ஜாயின்ட்டை மூடியபடி, மடிப்பு மடிப்பாகத் துருத்தி மாதிரி ஒரு கறுப்பு ரப்பர் தெரியும். மடிப்பின் பள்ளத்துக்குள் விரலை விட்டு விரித்துப் பார்க்க வேண்டும், வெடிப்பு மேட்டில் தெரியாது, பள்ளத்தில்தான் ஆரம்பிக்கும். ரிம்மின் உட்பக்கம் கறுப்பாக கிரீஸ் தெறித்திருந்தால் பூட் ஏற்கெனவே கிழிந்துவிட்டது. பல்லடம், தாராபுரம் பக்கம் செம்மண் தடத்தில் ஓடும் வண்டியில், கிழிந்த வழியே போகும் மண்ணும் கிரீஸும் சேர்ந்து அரைக்கும் சாந்தாகி, உள்ளே இருக்கும் குண்டுகளைச் சில மாதத்தில் தின்றுவிடும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி மெல்ல நகர்த்தும்போது ‘டக் டக் டக்’ என்று சத்தம் வந்தால் ஜாயின்ட் போனது. சத்தம் இன்னும் வரவில்லை என்றால் பிழைத்துக்கொண்டீர்கள்: ஜாயின்ட்டைக் கழற்றி, பெட்ரோலிலோ டீசலிலோ அலசி, உலரவிட்டு, புதுப் பூட்டும் புது கிளாம்பும் போட்டால் முடிந்தது. உள்ளே வைப்பது ஆக்ஸிலுக்கென்று வரும் கறுப்பு மாலிப்டினம் கிரீஸாக இருக்க வேண்டும். சக்கர பேரிங்குக்கு வைக்கும் சாதாரண கிரீஸ் தாங்காது. ஆக்ஸிலைக் கழற்றாமலே மேலே சுற்றி ஒட்டும் பிளவு பூட்டும் கடைகளில் இருக்கிறது, நாலு மாதம்கூட நிற்காது, வாங்க வேண்டாம்.

இனி தண்ணீர். நம் பக்கத்துப் பழைய கார்களின் இன்ஜினைக் கொல்வது போர் தண்ணிதான் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆயிரம் அடிக்குக் கீழிருந்து வரும் உப்புத் தண்ணியில் இருக்கும் சுண்ணாம்பு, டீ போடும் பாத்திரத்தில் படிகிற மாதிரியே ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் இன்ஜின் பிளாக்குக்குள்ளும் படியும். குழாய் அடைபடும், சூடு ஏறும். உடனே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தீர்ந்தது என்பார்கள். தீராது. 82 டிகிரி வாக்கில் திறக்க வேண்டிய அந்த வால்வு இல்லாவிட்டால், நெடுஞ்சாலையில் இன்ஜின் சூடே ஏறாமல் ஓடி, பெட்ரோல் கூடக் குடித்து, ஆயிலையும் கெடுக்கும். ஊருக்குள் டிராஃபிக்கில் அடைபட்ட ரேடியேட்டர் அப்படியே கொதிக்கும்.

செய்ய வேண்டியது இது. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்தபின் கீழ் ஹோஸைக் கழற்றி வடித்து, நல்ல தண்ணி ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி வடிக்க வேண்டும். துருக் கலர் போய்த் தெளியும்வரை மூன்று நாலு முறை ஆகும். கடைசியில் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. ஏற்கெனவே கலந்து விற்கும் கூலண்ட் என்றால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. சிறுவாணித் தண்ணி வழியில் அவசரத்துக்கு ஊற்றப் பரவாயில்லை, நிரந்தரத்துக்கு அதுவும் வேண்டாம். கூடவே மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ரேடியேட்டர் மூடி மூன்றும் புதிதாகப் போடுங்கள். மூடியின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் இறுகிப்போனால் உள்ளழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். 0.9 என்று அச்சிட்ட மூடி இருந்த இடத்தில் 0.9தான் போட வேண்டும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. பல வருடச் சுண்ணாம்புதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது என்றால், அலசிய மறுநாள் ரேடியேட்டர் ஒழுகும். அதற்கும் சேர்த்துப் பணம் வைத்துக்கொண்டே இந்த வேலையில் இறங்குங்கள். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டுவது ஈரோட்டுப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. வீடு போய்ச் சேர உதவும். அதன்பின் அந்தத் தூளை முழுக்க அலசி எடுக்காவிட்டால் மெல்லிய குழாய்களை அடைத்துக்கொள்ளும்.

இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்பதை வாங்கும்போதே பார்க்கலாம். குளிர்ந்த வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். தண்ணீருக்குள் சோடா மாதிரிக் குமிழி நிற்காமல் வந்தால் அந்த வண்டி வேண்டாம். ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியில் மோர் கலந்த மாதிரி வெளுத்திருந்தாலும் அப்படியே. ஆயில் ஊற்றும் மூடியில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு என்றால் அது பனி ஈரமாகவும் இருக்கலாம். அதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம்.

பெட்ரோல் பங்குகளில் இப்போது வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டர் 800இன் பெட்ரோல் ஹோஸும், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரமும் இதற்கென்று செய்தவை அல்ல. ஹோஸ் முதலில் உப்பி, பிறகு காய்ந்து வெடிக்கும். காலையில் வண்டிப் பக்கத்தில் பெட்ரோல் வாசம் வந்தால் சாவியைத் தொடாமல் பானெட்டைத் திறந்து பாருங்கள், சூடான இன்ஜின் மேல் சொட்டினால் தீதான். டேங்கிலிருந்து இன்ஜின் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் ஒட்டுக்கா மாற்றிவிடுவது நல்லது. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால், தோட்டத்துச் சாளையில் மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நிறுத்தினால் டேங்கின் அடி துருப்பிடித்து கார்புரேட்டர் ஜெட் அடைக்கும். வாரம் ஒரு முறை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினால் போதும். அப்போதே ஏசியையும் பத்து நிமிடம் போடுங்கள், கம்ப்ரசர் சீல் காயாமல் இருக்கும். சாளையில் நிற்கும் வண்டிக்கு எலியும் எதிரி, ஒயரைக் கடிக்கும். கிளம்புமுன் பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்க்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைக்கு அருகே ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டரைப் புத்தகம் சொல்லும் தூரத்தில் பாதியிலேயே மாற்றலாம். ஆடிக் காற்று முடிந்ததும் எல்லோருமே ஒரு முறை மாற்றலாம்.

மலை ஏறுவதில் 800 சளைக்காது, இறங்குவதில்தான் கவனம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, திம்பத்துக்கு 27. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்றுங்கள். பின் சக்கர டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டர் ரப்பரை ஓரம் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் தெரிந்தால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. டயரில் கட்டை நன்றாக இருக்கிறது என்று திருப்திப்பட வேண்டாம். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 1418 என்றால் 2018இன் பதினாலாவது வாரம். ஆறு வருடம் தாண்டியதை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கரன்ட் வேலைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. இவை சரியாக இருந்தும் செல்ஃப் ‘டக்’ என்று நின்றால் பேட்டரி வாங்க ஓடாமல், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிப் பாருங்கள்.

பேப்பர் விஷயத்தில் ஏமாறுகிறவர்களே அதிகம். ஆர்.சி. பதினைந்து வருடம், அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, முடியும் தேதிக்கு 60 நாள் முன்னாலிருந்து கொடுக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த மாற்றத்தால் இருபது வருடம் தாண்டிய காருக்கு 10,000. தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. ஐம்பதாயிரம் ரூபாய் வண்டிக்கு இது பெரிய தொகை, ஆகவே ஆர்.சி. காலாவதியான வண்டி என்றால் இதைக் கணக்குப் போட்டு விலையில் குறைத்துக் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட 29, 30 பெயர் மாற்றப் படிவங்களை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டு ஓட்டுவது இரண்டு பக்கமும் ஆபத்து. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். பைனான்ஸ் கடன் முடிந்து, ஆர்.சி.யில் இருக்கும் ஹெச்.பி. என்ற கடன் பதிவு கேன்சல் ஆகியிருக்கிறதா, சேசிஸ் நம்பர் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்பதையும் பணம் கொடுக்குமுன் பார்த்துவிடுங்கள்.

எப்போது விட்டுவிடுவது? தரை ஓட்டையாகி சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் தகரமும் அரித்துப்போன வண்டிக்கு வெல்டிங் செலவு செய்ய வேண்டாம். எடைக்குப் போடும் கடையில் தள்ளிவிட்டு வந்துவிடவும் கூடாது. பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, ஒப்படைப்புச் சான்று வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யை ரத்து செய்தபிறகே இன்சூரன்ஸை நிறுத்துங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, நல்ல நிலையில் இருக்கும் பேட்டரி ஆகியவற்றை அதற்கு முன்பே கழற்றி வைத்துக்கொள்ளலாம்.