890 வெள்ளி கொடுத்து எடுத்த யோனி நுண்ணுயிர் டெஸ்ட்: என் அனுபவம்

இரண்டு முறை கரு வைத்தும் தங்கவில்லை. மூன்றாவதற்கு முன்பு "இந்த டெஸ்டையும் எடுத்துப் பாருங்கள்" என்றார்கள், பினாங்குத் தீவில் நான் போகும் கருத்தரிப்பு நிலையத்தில். பெயர் வேண்டாம். ஐவிஎஃப் செலவுக்குச் சேமநிதியிலிருந்து எடுத்தோம். இந்த 890 வெள்ளி கைக்காசு.

பஞ்சுக்குச்சியை நாமே வைத்து எடுக்கலாம். திரைக்கு வெளியே நின்ற நர்ஸ் தங்கச்சி, "வலிக்காதுக்கா, மெதுவா சுத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரலுக்கே ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

பதினாறு நாளில் ரிப்போர்ட் வந்தது. கலர் கலராக ஒரு வட்டம். லாக்டோபாசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் என்ற நல்ல பாக்டீரியா இல்லவே இல்லை, பாதிக்கு மேல் கார்ட்னரெல்லா என்ற வேண்டாத பாக்டீரியா. டாக்டர் தாளைப் புரட்டி, "கொஞ்சம் சரியில்லை" என்று மூன்று மாதத்துக்குப் புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) மாத்திரை எழுதினார். அவர்கள் கவுண்டரிலேயே 420 வெள்ளி. நான் வாய் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு கருவையும் என் உடம்புதான் கொன்றுவிட்டது என்று நினைத்து, பட்டர்வொர்த் போய்ச் சேரும்வரை ஃபெரியில் அழுதேன்.

மாத்திரை வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் தாளைக் காட்டினேன். முக்கால் மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். லாக்டோபாசில்லஸ் சுரக்கும் லாக்டிக் அமிலம்தான் அந்த இடத்தை அமிலமாக, பி.எச். அளவு 4.5க்குக் கீழே, வைத்திருக்கிறதாம். அது குறைந்தால் கார்ட்னரெல்லா போன்றவை பெருகும். பாதிப் பேருக்கு வாடையோ அரிப்போ கூட இருக்காது. இப்படி இருக்கும் பெண்களுக்கு ஐவிஎஃபில் கரு தங்குவது குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டென்மார்க்கில் இப்படிப்பட்ட பெண்களுக்குக் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அதன்பின் கிரிஸ்பேட்டஸ் மருந்தும் கொடுத்துப் பார்த்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலியை எடுத்தவர்களைவிடக் கர்ப்பம் கூடவில்லை. "அதனால உங்க கரு தங்காததுக்கு இதுதான் காரணம்னு யாரும் சொல்ல முடியாதும்மா" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பரிசோதித்துப் பார்த்து, தொற்று இருப்பது உறுதியானதும் ஏழு நாளைக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "கீழே எதைப் போட்டுக் கழுவுறீங்க?" கல்யாணமான ஒன்பது வருசமாக, அத்தை ஃபார்மசியில் வாங்கித் தரும் வெற்றிலை வாஷ். "உள்ளே எதுவும் வேண்டாம். வெளியே வெறும் தண்ணி போதும்."

வீட்டில் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அத்தை முழுசாகக் கேட்டார். ஒன்றும் பேசாமல் எழுந்து போய் பாத்ரூமிலிருந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டார்.

டெஸ்டே வீண் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாமல் இருந்த தொற்றைக் காட்டியது. ஆனால் அதற்கு இவ்வளவு விலை தேவையில்லை, சாதாரண ஸ்வாபிலேயே தெரிந்திருக்கும் என்றார் அந்த மருத்துவர். விளக்கம் சொன்ன விதத்துக்கு ஒரு நட்சத்திரம்தான். நீங்கள் எடுப்பதானால், காசு கட்டும் முன்பே கேளுங்கள்: ரிசல்ட் எப்படி வந்தால் என் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள்?

எனக்கு அடுத்த கரு வைப்பது தைப்பூசம் முடிந்த வாரம். இந்த முறை அத்தையும் கூட வருகிறார்.